மட்டத்துக்கு முன் மாதம்: கரிசலில் அமுங்கிய ஆடுதளங்களைச் சீராக்குதல்

சித்திரை வெயிலில் ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள காடுகளில் நடந்தவர்களுக்கு மண் எப்படி வாய் பிளந்து கிடக்கும் என்று தெரியும். விரல் நுழையும் வெடிப்பு, கை நுழையும் வெடிப்பு. சில இடங்களில் தார்க்குச்சியை விட்டால் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். அதே காடு ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்ததும் வெடிப்பையெல்லாம் மூடிக்கொள்ளும். காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் விடும். ஒரே நிலம், ஆறு மாத இடைவெளியில் இரண்டு உயரங்களில் நிற்கிறது. அந்த நிலத்தின் மேல்தான் கைப்பந்துத் தளத்தையும் கூடைப்பந்துத் தளத்தையும் சிமெண்டில் போட்டுவிட்டு, அது அசையாமல் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நான் சொல்வது தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்துக்குக் கிழக்கே, 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். மேற்கே மலையடிவாரத்தில் செவல் மண்ணாக இருக்கும் பூமி, கிழக்கே வரவரக் கறுத்துக்கொண்டே போகும். சாத்தூர், கோவில்பட்டி வரை அந்தக் கறுப்புத்தான். பருத்திக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் தாய் போன்ற மண். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம்தான் மானாவாரிப் பயிரைக் காப்பாற்றுகிறது. அந்தக் குணமேதான் தளத்தையும் உடைக்கிறது.

இந்த அத்தியாயம் உடற்கல்வி ஆசிரியர், ஊராட்சித் தலைவர், இளைஞர் மன்றத்தார், உள்ளூர்க் கொத்தனார் ஆகியோருக்காக எழுதப்பட்டது. 2020இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுத் திட்டம் ஊராட்சிதோறும் ஆடுகளங்களைக் கொண்டுவந்தது. 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டமும் வந்தது. பந்து இருக்கிறது, வலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கால் பதியும் தளம் சரியில்லாமல் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்துவிடக் கூடாது.

அமுங்கியதா, உப்பியதா?

தளத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கினால் எல்லோரும் சொல்வது, "மூலை அமுங்கிப்போச்சு." பாதி நேரம் அது உண்மையில்லை.

கரிசலில் இருக்கும் களிமண் மான்ட்மோரிலோனைட் என்ற வகை. மிக மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கும். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் எப்படி ஏட்டுக்கு ஏடு தண்ணீர் புகுந்து இருமடங்காக உப்புகிறதோ, அப்படித்தான் இதுவும் உப்பும். காய்ந்தால் ஏடுகள் மீண்டும் நெருங்கும், மண் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு உப்பி ஒரே அளவு சுருங்கினால் தளத்துக்கு ஒரு கேடும் இல்லை. தூளியில் கிடக்கும் பிள்ளைபோல மொத்தமாக ஏறி இறங்கிவிட்டுப் போகும். ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காயும்போதுதான் தளம் முறுக்கிக்கொள்கிறது.

தளம் போட்ட நாளிலிருந்து அதன் நடுப்பகுதி மண்ணுக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கீழிருந்து மேலேறும் ஈரம் ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தங்கும். வருடம் போகப்போக நடு மண் ஈரமாகி மெல்ல உப்பும். ஓரங்களோ வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடப்பவை. கோடையில் ஓரம் சுருங்கி இறங்கும், நடு அப்படியே நிற்கும். தளம் ஆமை முதுகாகிறது. கார்த்திகையில் ஓரம் முதலில் நனைந்து ஏறும், நடுவுக்கு மழை எட்டாது, தளம் தாம்பாளமாகிறது. கோடையில் வந்து பார்ப்பவர் "ஓரம் அமுங்கிவிட்டது" என்பார். மழையில் வந்து பார்ப்பவர் "நடு அமுங்கிவிட்டது" என்பார். இருவரும் பார்ப்பது ஒரே தளம்.

இதைப் புரிந்துகொள்ளாமல், பள்ளமாகத் தெரியும் இடத்தில் கலவையைக் கொட்டி மட்டம் செய்தால் ஆறு மாதத்தில் அந்த இடம் மேடாக நிற்கும். பிறகு அந்த மேட்டைச் செதுக்குவார்கள். அடுத்த கோடையில் மறுபடி பள்ளம். நான் இதில் பிடிவாதமாக இருப்பேன்: இரண்டு பருவத்தில் அளக்காமல் ஒரு தளத்தையும் தொடக்கூடாது. சித்திரைக் கடைசியில் ஒரு அளவு, கார்த்திகைக் கடைசியில் ஒரு அளவு. அவசரம் என்று யார் சொன்னாலும் அந்த ஒரு சுற்று காத்திருக்கத்தான் வேண்டும்.

அளப்பது எப்படி

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டம் போதும். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, எதை வைத்து அளக்கிறோம் என்பது. தளத்தின் ஒரு மூலையையே ஆதாரமாக வைத்தால் அந்த மூலையும் ஏறி இறங்கும், கணக்கு பொய்யாகிவிடும். வகுப்பறையின் திண்ணையும் நம்பத்தக்கதல்ல. கரிசலில் கட்டிய பழைய கட்டடங்களும் அசைகின்றன. பள்ளி வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதன் கேசிங் குழாயைப் பயன்படுத்துங்கள். அது மண்ணைத் துளைத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கும். மேல் மண் எவ்வளவு ஆடினாலும் பெரிதாக அசையாது. குழாயின் பக்கவாட்டில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு வண்ணம் பூசிவிடுங்கள். இனி எத்தனை வருடமானாலும் அதுதான் உங்கள் ஆதாரப் புள்ளி.

இரண்டாவது, நேரம். சிமெண்ட் தளமே வெயிலில் வளையும். மதியம் மேற்பரப்பு சூடாகி விரிய, ஓரங்கள் கீழ் நோக்கி வளையும். விடியலில் மேற்பரப்பு குளிர்ந்து ஓரங்கள் சற்றே மேலெழும். ஆகவே இரண்டு பருவத்திலும் விடிந்தும் விடியாத பொழுதில் அளக்க வேண்டும். டியூபில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூளோ நீலமோ கலந்தால் மட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, கட்டம். கைப்பந்துக்கு ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் வெற்றிடம் விட்டால் தளம் 24 மீட்டருக்கு 15 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு கோடு என்று சுண்ணாம்பு நூல் அடித்தால் 54 சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஒரு காலை நேர வேலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கும் நல்ல பாடம்.

வெடிப்புகளின் குறுக்கே பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, இடைவெளியையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரும்புக் கம்பியால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடங்கள். கணீரென்று கேட்டால் கீழே மண் தாங்குகிறது. பானையைத் தட்டினாற்போல் பொத்தென்று கேட்டால் கீழே மண் விலகி வெற்றிடம் விழுந்திருக்கிறது. அந்த இடங்களை வண்ணத்தால் வளைத்துக் குறியுங்கள்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. தளத்தை நனைத்துவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். இன்னும் தண்ணீர் நிற்கும் குட்டைகளில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வையுங்கள். அதன் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். நாணயம் மூழ்கினால் அது சரிசெய்ய வேண்டிய பள்ளம். மூழ்காவிட்டால் விட்டுவிடலாம், காற்றே அதை உலர்த்திவிடும்.

மண்ணைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம்

மண் எவ்வளவு உப்பும் என்று அறிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதியில் எளிய சோதனை இருக்கிறது. தளத்தின் ஓரத்தில் முழங்காலளவு ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து, அடுப்பில் உலர்த்தி, இடித்து, மாவு சல்லடையில் சலியுங்கள். நூறு மில்லி அளவுசாடி இரண்டில் பத்துப்பத்துக் கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயைக் களிமண் உறிஞ்சி உப்பாது, அதனால் அது ஒப்பீட்டுக்கு. வேதியியல் ஆய்வகத்தில் சோடியத்தைப் போட்டு வைக்க மண்ணெண்ணெய் இருக்கும். தனியாக அலைய வேண்டியதில்லை. நன்றாகக் கலக்கி, குமிழை வெளியேற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

மறுநாள் மண்ணெண்ணெயில் மண் 10 மில்லியிலும் தண்ணீரில் 19 மில்லியிலும் நின்றால், கூடுதல் 9; அதை 10ஆல் வகுத்தால் 90 சதவீதம். 50க்குக் கீழே என்றால் பெரிதாக அஞ்ச வேண்டாம். 50 முதல் 100 வரை நடுத்தரம். நூறைத் தாண்டினால் மண் கடுமையானது, 200ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. இந்த எண் உங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று சொல்லும். நூறுக்கு மேல் போன மண்ணில், மண்ணைத் திருத்தாமல் மேலே பூசும் எந்தப் பூச்சும் காசைக் கரியாக்குவதுதான்.

முதலில் தண்ணீர்

பழுதுபார்ப்பின் முக்கால் பங்கு தளத்தைத் தொடாமலே முடிகிற வேலை. மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று பாருங்கள். வகுப்பறைக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? குடிதண்ணீர்த் தொட்டியில் பிள்ளைகள் கை கழுவும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய், வருடம் முழுக்க ஒரே இடத்தை நனைத்து, மழையைவிட அதிகக் கேடு செய்யும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு வாஷர்.

அடுத்து ஓரம். தளத்தைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்துக்கு, தளத்திலிருந்து வெளிப்பக்கம் சரியும் சிமெண்ட் நடைபாதை போடுங்கள். தளத்தோடு ஒட்டாமல் இடையில் ஒரு இணைப்பு விட்டு, அந்த இடைவெளியை இளகும் தன்மையுள்ள ரப்பர் போன்ற அடைப்பானால் மூட வேண்டும். ஈர மாற்றம் இனி இந்த நடைபாதையின் ஓரத்தில் நடக்கும், தளத்தின் ஓரத்தில் அல்ல. நடைபாதை ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும். அதில் யாரும் ஆடப்போவதில்லை.

மண் கடுமையானதாக இருந்தால் நடைபாதையின் வெளி ஓரத்தில் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒடுக்கமான பள்ளம் தோண்டி, கனத்த பாலித்தீன் தாளை நிறுத்திவைத்து மூடுங்கள். ஈரத்துக்குப் போட்ட வேலி அது. இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: அந்தப் பள்ளத்தை மணலால் நிரப்பிவிடுகிறார்கள். தளத்துக்கு அடியிலும் "மெத்தை" என்று மணல் போடுகிறார்கள். கரிசலில் மணல் மெத்தை தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் தண்ணீர் புகாத களிமண், நடுவில் தண்ணீர் தேங்க இடம். மழை நின்று மூன்று வாரம் கழித்தும் அது மண்ணை ஊட்டிக்கொண்டிருக்கும். தோண்டிய மண்ணையே சுண்ணாம்பு கலந்து இறுக்கிப் போடுங்கள்.

மரங்களைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தயங்குகிறேன். பள்ளி மைதானத்தின் வேம்பும் புங்கமும் எவ்வளவு அருமையானவை என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரிய மரம் கோடையில் தன் உயரத்தளவு தூரத்துக்கு மண்ணின் ஈரத்தை இழுக்கும். அந்தப் பக்கத்துத் தளம் இறங்கும். அதற்காக உடனே வெட்டிவிடாதீர்கள். வெட்டினால், இத்தனை வருடம் காய்ந்து கிடந்த மண் மெல்ல ஈரம் ஏறி வருடக்கணக்கில் உப்பும். வெட்டிய கையோடு தளத்தைத் தூக்கி மட்டம் செய்தவர்கள் இரண்டாம் வருடம் மேட்டைப் பார்ப்பார்கள். மரத்துக்கும் தளத்துக்கும் நடுவே மேற்சொன்ன பாலித்தீன் வேலியை ஆழமாகப் போடுவதே நல்லது. தளத்தை ஒட்டி முளைக்கும் சீமைக்கருவேலத்தை மட்டும் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

தண்ணீர் வேலை முடிந்ததும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் விட்டு மறுபடி அளவெடுங்கள். சில தளங்கள் தாமாகவே பாதிக்கு மேல் சீராகிவிடும்.

எதைச் செய்வது

இரண்டு பருவ அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி கோடையிலும் மழையிலும் ஒரே பள்ளமாக இருந்தால் அது உண்மையான அமுக்கம். பெரும்பாலும் போட்ட நாளில் அடிமண்ணை இறுக்காமல் விட்டதால் வந்தது. இதைச் சரிசெய்யலாம், சரியாகவே நிற்கும். ஒரு புள்ளி பருவத்துக்குப் பருவம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், அங்கே தண்ணீர் வேலை முடியவில்லை என்று பொருள். அதன் மேல் எதையும் பூசாதீர்கள்.

ஆடாத பள்ளம் ஆறு ஏழு மில்லிமீட்டர்தான் என்றால் அக்ரிலிக் பால்மம் கலந்த சிமெண்ட் மணல் கலவையால் நிரப்பினால் போதும். இருபது மில்லிமீட்டர் வரை அதையே இரண்டு மூன்று படலமாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் போடலாம். அதற்கு மேல் ஆழமாக, ஆனால் பலகை, அதாவது இணைப்புக்கு இணைப்பு பிரிந்து நிற்கும் தளத் துண்டு, உடையாமல் முழுசாக இறங்கியிருந்தால் தூக்க வேண்டும். பலகை மூன்று நான்கு துண்டாக உடைந்திருந்தால் தூக்குவதில் பயனில்லை. அந்தப் பலகையை வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும். மூன்றில் ஒரு பங்குப் பலகைகளுக்கு மேல் அப்படி என்றால் முழுத் தளத்தையும் புதிதாகப் போடுவதே சிக்கனம். இவை என் கணக்கு. உங்கள் பொறியாளர் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம்.

வெடிப்பு ஒன்றைப் பற்றித் தனியாக: பென்சில் புள்ளிகள் நகர்ந்திருந்தால் அது உயிருள்ள வெடிப்பு. அதில் எப்பாக்சி ஊற்றி இறுக்கினால் பக்கத்திலேயே புது வெடிப்பு விழும். வெடிப்பை ஒரே அகலத்துக்கு வெட்டி, நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் அடைப்பானைப் போட்டு, அதை ஓர் இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தூக்குதல்

பலகையில் துளையிட்டு, கீழே கலவையைச் செலுத்தித் தூக்கும் முறை பழையது, நம்பகமானது. துளை நாற்பது மில்லிமீட்டர் போதும். துளைக்குத் துளை ஏறத்தாழ 1.2 மீட்டர், ஓரத்திலிருந்து ஒன்றரை அடி உள்ளே. கலவைக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, நிலக்கரிச் சாம்பல் அல்லது மெல்லிய கல்தூசி மூன்று பங்கு. தூத்துக்குடி அனல் மின்நிலையச் சாம்பல் நம் பக்கம் எட்டும் தூரம்தான். சுண்ணாம்புக்கல் பொடியும் இந்த வேலைக்கு ஏற்றது. கலவை கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். மோராகக் கரைத்தால் ஓடும்தான், ஆனால் அதிலுள்ள தண்ணீரைக் கரிசல் குடித்துவிட்டு அடுத்த மாதம் உப்பும்.

அழுத்தம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பத்துச் சென்டிமீட்டர் தடிமன் பலகை ஒரு சதுர மீட்டருக்கு 240 கிலோ எடை. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 24 கிராம். மோட்டார் சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ. டயர்க் காற்றின் எண்பதில் ஒரு பங்கு அழுத்தம் அடியில் பரவினாலே பலகை எழும்பிவிடும். பம்பின் அழுத்தம் துளையின் உராய்வையும் கலவையின் கெட்டித்தன்மையையும் வெல்லத்தான் செலவாகிறது. இதை உணராமல் வேகமாகப் பம்பு செய்யும்போதுதான் பலகை நடுவில் முறிகிறது. ஒரு துளையில் ஒரு தடவைக்கு ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் தூக்காதீர்கள். அடுத்த துளைக்குப் போங்கள், சுற்றி வந்து மறுபடி இதற்கு வாருங்கள். நூல் கட்டி, ஒருவர் நூலிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வேலையில் மிக முக்கியமான ஆள் அவர்தான்.

பாலியூரித்தேன் நுரையால் தூக்குவதும் உண்டு. எடை குறைவு, தண்ணீர் இல்லை, அன்றே ஆடலாம். கரிசலுக்கு அது நல்லதுதான். ஆனால் விலை பல மடங்கு, கருவியும் பழகிய ஆளும் வெளியூரிலிருந்து வர வேண்டும். பெரிய கல்லூரிக்குப் பொருந்தும், ஊராட்சிப் பள்ளிக்குப் பொருந்தாது.

புதிதாகப் போடுவதென்றால்

மாதம் தை அல்லது மாசி. மழை ஈரம் ஓரளவு வடிந்து, கோடைக் காய்ச்சல் தொடங்காத நடுவாந்திர நிலையில் மண் இருக்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்த மண் மேல் போட்டால் தளம் பிறகு உப்பும். கார்த்திகைச் சேற்றின் மேல் போட்டால் பிறகு இறங்கும். நிதி மார்ச்சுக்குள் செலவாக வேண்டும் என்ற நெருக்கடி எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. தையில் தொடங்கினால் அதற்கும் தாராளமாகப் பொருந்தும்.

கரிசலில் வீடு கட்டுபவர்கள் ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த, அடி விரிந்த தூண்களை மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். பருவ ஆட்டம் அந்த ஆழத்துக்குக் கீழே போவதில்லை என்பதே அடிப்படை. 360 சதுர மீட்டர் ஆடுதளத்துக்கு அது கட்டுப்படியாகாது. நமக்கு வழி, மேல்மண்ணின் குணத்தை மாற்றுவது.

இரண்டடி தோண்டி, கரிசலை அள்ளிவிடுங்கள். அடியில் ஓரடிக்குச் சுண்ணாம்பு கலந்து இறுக்கிய மண், அதன் மேல் ஓரடிக்கு உப்பாத சரள் மண். மும்பை ஐ.ஐ.டி.யில் கட்டி என்ற பேராசிரியர் ஆராய்ந்து சொன்னது, பிடிப்புள்ள ஆனால் உப்பாத மண்ணை மேலே இறுக்கிப் போட்டால் கீழே இருக்கும் கரிசலின் எழுச்சி அடங்கும் என்பது. அவர் சொன்ன முழுத் தடிமன் ஒரு மீட்டர். நம் தளத்துக்கு அது முடியாததால்தான் சுண்ணாம்பையும் துணைக்குச் சேர்க்கிறோம். சரள் என்றால் ஒட்டும் களி கொஞ்சம் கலந்த செஞ்சரள். வெறும் ஜல்லியோ மணலோ அல்ல.

ஆலங்குளத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருப்பதால், கல்பொடியையே சுண்ணாம்பு என்று மண்ணில் கலக்கத் தோன்றும். கல்பொடி வேறு, சுண்ணாம்பு வேறு. சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் களிமண்ணோடு வினைபுரியும். அதிலுள்ள கால்சியம் ஏடுகளைக் கட்டிப்பிடித்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். பின்னர் மாதக்கணக்கில் மெல்ல இறுகும். சுடாத கல்பொடி மண்ணில் சும்மா கிடக்கும். காட்டில் கிடைக்கும் சுக்கான் கல்லும் அப்படியே.

அளவு, காய்ந்த மண்ணின் எடையில் நான்கு முதல் ஆறு சதவீதம். 24க்கு 15 மீட்டர் தளத்தில் முப்பது சென்டிமீட்டர் என்றால் 108 கன மீட்டர், ஏறத்தாழ 170 டன் மண். ஐந்து சதவீதம் என்றால் எட்டரை டன் சுண்ணாம்பு. கலந்து, ஈரப்படுத்தி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, மறுபடி கிளறிவிட்டுத்தான் உருளை ஓட்ட வேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் விழுந்த சுண்ணாம்பு பார்வையைப் பறித்துவிடும். ஒரு எச்சரிக்கை: மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்பு அதிகமிருந்தால் சுண்ணாம்பு கலப்பதே உப்பலை வரவழைக்கும். வேலைக்கு முன் சல்பேட் பரிசோதனைக்கு மண்ணை அனுப்பிவிடுங்கள்.

சரளுக்கு மேல் பாலித்தீன் தாள், அதன் மேல் எம் 25 கான்கிரீட் பதினைந்து சென்டிமீட்டர். இந்தத் தளத்துக்கு 54 கன மீட்டர் வரும். எட்டு மில்லிமீட்டர் கம்பியை இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் வலையாகக் கட்டி, தடிமனின் மேல் மூன்றிலொரு பங்கில் நிற்கும்படி முட்டுக்கொடுங்கள். தரையில் கிடக்கும் கம்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை. இணைப்புகளை நீளத்தில் நான்கு மீட்டருக்கு ஒன்று, அகலத்தில் 3.75 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் 24 பலகைகள் வரும். ஓர் இணைப்பு சரியாக வலைக்கு நேர் கீழே விழும். அங்கே யாரும் ஓடுவதில்லை. பலகைக்குப் பலகை வழுவழுப்பான முட்டுக்கம்பிகள் கொடுத்தால் ஒன்று ஏறி ஒன்று இறங்கிப் படி விழாது. வலைக்கம்பத்தின் அடித்தளம் தளத்தோடு ஒட்டவே கூடாது. அது ஆழத்தில் நிற்பது, தளம் மேலே மிதப்பது. ஒட்டினால் கம்பத்தைச் சுற்றி நட்சத்திரம்போல வெடிக்கும்.

சரிவு ஒரே பக்கமாக, அகலவாக்கில். திறந்தவெளிக் கைப்பந்துத் தளத்துக்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் சரிவை விதியே அனுமதிக்கிறது. பதினைந்து மீட்டரில் 75 மில்லிமீட்டர்.

நீராற்றுவதில் நம் கொத்தனார்களின் வழக்கம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. மற்ற மண்ணில் அது மிக நல்ல வழக்கம். இங்கே பாத்தித் தண்ணீர் ஓரத்தில் கசிந்து, தளம் இறுகும் முன்பே ஓர மண்ணை உப்பவைக்கும். ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பாலித்தீன் மூடி, பதினான்கு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்ணப்பூச்சு வேண்டுமென்றால் 28 நாள் கழித்து.

சிமெண்ட் வேண்டாம் என்பதும் ஒரு வழி

இவ்வளவு செலவுக்கு வழியில்லாத ஊர்கள் நிறைய. அவர்களிடம் நான் மனதாரச் சொல்வது: அரைகுறையாகச் சிமெண்ட் போடாதீர்கள். கூடைப்பந்துக்குக் கெட்டித் தளம் வேண்டும், மறுக்கவில்லை. கபடிக்கும் கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் செம்மண் போதும். கரிசலுக்கு மேல் ஓரடி சரள், அதன் மேல் அரையடி சலித்த செம்மண், சுற்றிலும் வாய்க்கால். மண் தளம் அசைந்தால் வெடிக்காது, படி விழாது. ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறந்ததும், கொத்திக் கிளறி, நீர் தெளித்து, உருளை ஓட்டினால் மறுபடி மட்டம். விழுந்த பிள்ளைக்கு முழங்கால் தோலும் தப்பும். உடைந்த சிமெண்ட் தளத்தை அகற்ற ஆகும் செலவில் இப்படி ஒரு தளத்தைப் பல வருடம் பராமரித்துவிடலாம்.

எந்தத் தளமானாலும் அளவு நோட்டு ஒன்று இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் கேசிங் குழாய்க் கீறலின் படம், அடுத்து கட்டத்தின் 54 புள்ளிகள், பிறகு வருடத்துக்கு இரண்டு பக்கம். உடற்கல்வி ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது விசில், பந்துக் கணக்கோடு அந்த நோட்டையும் அடுத்தவர் கையில் ஒப்படைத்து, அவரைக் குழாயருகே அழைத்துப் போய்க் கீறலைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போகட்டும்.